கல்யாணக் காட்சிக்கு ஒரு மெட்டு

இசையமைப்பாளர் குரோயிவா மேடையேறி மைக்கைப் பிடித்தபோது சயோகோ முன் வரிசை ஓரத்தில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எலி வளை வாசலில் பூனைகூட அத்தனை பொறுமையாக உட்காராது.

"இந்தக் கடற்கரையில நடந்தப்பதான் கல்யாணக் காட்சிக்கான மெட்டு என் நெஞ்சுல பிறந்துச்சு. கனவுல வந்த மாதிரின்னு வெச்சுக்குங்களேன்," என்றார் அவர்.

இசோமுரா ஜனங்கள் மரியாதைக்குக் கை தட்டினார்கள். கண்ணியில் சிக்கிய கொக்கை ஒருவன் விடுவிக்க, அதுவே பெண்ணாக வந்து அவனுக்கு வாழ்க்கைப்படும் பழங்கதையைத்தான் இயக்குநர் தோமிதா அனிமேஷன் படமாக எடுத்திருந்தாள். படத்தில் வரும் பாறையும் பனியும் படகுத்துறையும் இந்த ஊரைப் பார்த்து வரைந்தவை. அதனால் முதல் காட்சி இங்கே, ஊர்ப் பொதுக்கூடத்தில்.

இது சயோகோவின் சொந்த ஊர் என்பது குரோயிவாவுக்குத் தெரியாது. இத்தனை வருடமாகத் தன்னிடம் உதவியாளராக இருப்பவளின் ஊர்ப் பெயரை அந்த மனிதர் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

அவள் போட்ட இசை அவர் பெயரில் வரும். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று அவரும் வஞ்சனையில்லாமல் வாரி எடுத்துக்கொள்வார். இந்தத் தொழிலில் உதவியாளர்கள் அதை விழுங்கித்தான் பிழைக்கிறார்கள். சயோகோவும் விழுங்கினாள். அவளால் விழுங்க முடியாதது வேறு.

அவள் அப்பா ஹெய்சுகே மீன் பிடிப்பவர். இசோமுராவில் சவப்பெட்டி வீட்டை விட்டுக் கிளம்பும்போது மூங்கில் குழலில் வழியனுப்பு மெட்டை ஊதுவதும் அவர்தான். அந்த மெட்டை ஊதத் தெரிந்த இன்னொரு ஆள் சயோகோ மட்டும். அப்பா போன செய்தி வந்த அன்று தோக்கியோவில் ஒலிப்பதிவு நடந்துகொண்டிருந்தது.

"செத்தவரு நீ போனா எந்திரிச்சு உக்காரப் போறாரா? முடிச்சுட்டுப் போ. இப்பவே போறதுன்னா திரும்பி வராத," என்றார் குரோயிவா.

முடித்துவிட்டுப் போனாள். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. ஊரையெல்லாம் ஊதி அனுப்பி வைத்தவரை ஊத ஆளில்லாமல் அனுப்பியிருந்தார்கள். அன்றைக்கு அவள் அழவில்லை. இந்த மனிதரைச் சும்மா விடுவதில்லை என்று முடிவு செய்தாள்.

சந்தர்ப்பம் இந்தப் படத்தில் வந்தது. முதல் காட்சி இசோமுராவில் என்பது அப்போதே முடிவாகியிருந்தது. கல்யாணக் காட்சிக்கு அவருக்கு ஒரு மெட்டும் ஓடவில்லை. அவள் சாப்பிடப் போகும் நேரம் பார்த்து அவளுடைய கம்ப்யூட்டரைத் திறந்து கேட்பது அவர் வழக்கம். அது அவளுக்கும் தெரியும். அப்பாவின் மெட்டைக் குழலில் ஊதிப் பதிந்து, கண்ணில் படும்படி வைத்துவிட்டு, நூடுல்ஸ் கடைக்குப் போய் ஆற அமரச் சாப்பிட்டாள். அடுத்த வாரமே அந்த மெட்டு, வயலின்கள் சூழ, குரோயிவா பெயரில் வந்து நின்றது.

"இந்த மெட்டு எங்கேருந்து கிடைச்சுது, சென்செய்?" என்று அவள் கேட்டும் பார்த்தாள். ஆசானை அப்படித்தான் அழைக்க வேண்டும்.

"கிடைக்கிறதாவது! உழைக்கணும்மா. உனக்கு அந்த ஞானம் வர இன்னும் நாளாகும்."

"சரிங்க, சென்செய்," என்று குனிந்து வணங்கினாள். சிரிப்பை மறைக்க அந்த வணக்கம் வசதியாக இருந்தது. இது எந்த ஊர்ப் பாட்டு என்று அவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தப்பித்திருக்கலாம். கேட்டால் திருட்டை ஒப்புக்கொண்டதாகிவிடுமே!

கூடத்தில் விளக்கு அணைந்தது. குரோயிவா கையில் மைக்குடனேயே மேடை ஓரத்து நாற்காலியில் அமர்ந்தார். திரையில் கொக்குப் பெண் வெள்ளை உடுத்திப் பனியில் நடந்து வந்தாள். குழல் எழுந்தது.

முதலில் எழுந்தவர் படகுக்காரர்களின் தலைவர் இவாசே. அடுத்து அவர் வரிசை. பிறகு கூடம் முழுவதும். பிள்ளைகளைக்கூடத் தாய்மார்கள் தூக்கி நிறுத்தினார்கள். அத்தனை பேரும் தலை குனிந்து, கட்டைவிரலை மற்ற விரல்களுக்குள் மறைத்துக்கொண்டார்கள். ஜப்பானில் அதற்குப் பெற்றோர் விரல் என்று பெயர். பிணம் போகும்போது மறைக்காவிட்டால் பெற்றவர்களுக்கு ஆகாது. தோக்கியோக்காரருக்கும் இது தெரியும். குரோயிவாவின் தாய் உயிரோடிருந்தாள். அவர் கட்டைவிரலும் தன்னையறியாமல் உள்ளே போனது. அப்புறம்தான் அவர் முகம் வெளுத்தது.

தோமிதா பதறிப்போய்ப் படத்தை நிறுத்தச் சொன்னாள். விளக்கு எரிந்தது.

"ஐயா, செத்தது யாரு?" என்றார் இவாசே.

"யாரும் சாகல... இது கல்யாணம்..."

"கல்யாணத்துக்கா? சவப்பெட்டி தூக்குற பாட்டையா?"

"இவங்க வீட்டுல பொண்ணு பெட்டியிலதான் வரும்போல!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"உங்க நெஞ்சுல பிறந்ததுன்னீங்களே, இது என்னங்க?" என்றாள் தோமிதா.

குரோயிவா சயோகோவை நோக்கி விரலை நீட்டினார். "நான் போடல! எல்லாம் இவ வேலை. இவ கம்ப்யூட்டர்லேருந்து எடுத்தேன். வேணும்னே வெச்சிருக்கா, பாவி!"

மைக் அணைந்திருக்கவில்லை. எடுத்தேன் என்ற சொல் கூடத்தின் கடைசிச் சுவர் வரை போய்த் திரும்பியது. வாயைப் பொத்திக்கொண்டார். பொத்தி என்ன பிரயோஜனம்?

"எடுத்தீங்களா? கனவுல வந்துச்சுன்னீங்க, சென்செய்," என்றாள் சயோகோ.

இவாசே கண்ணை இடுக்கிப் பார்த்தார். "யாரு, ஹெய்சுகே மகளா?"

"ஆமா மாமா. அன்னைக்கு அப்பாவுக்கு ஊத முடியல. இவரு விடல."

கிழவர் குரோயிவாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு இயக்குநர் பக்கம் திரும்பினார். "இந்தப் பாட்டை நடுவுல நிறுத்தக் கூடாதும்மா. போடச் சொல்லுங்க. ஹெய்சுகே போகட்டும்."

தோமிதா குரோயிவாவின் கையிலிருந்து மைக்கை வாங்கி அணைத்தாள். "படத்துல இவர் பேர் இருக்காது," என்று சயோகோவிடம் மட்டும் சொன்னாள்.

"என் பேரும் வேணாம். எங்க அப்பா பேரைப் போடுங்க."

விளக்கு அணைந்து குழல் மறுபடி எழுந்தது. ஊரே தலை குனிந்து நின்றது. போக வழியில்லாமல் குரோயிவாவும் நின்றார்.

சயோகோ மட்டும் விரலை மறைக்கவில்லை. அம்மா அவள் சிறுமியாக இருந்தபோதே போய்விட்டாள். இனி யாருக்காக மறைப்பது? விரித்த கைகளோடு நின்று அழுதாள். குரோயிவாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே அழுதாள்.