வெள்ளையடித்த கல்திட்டை

கல்திட்டைக்கு யாரோ வெள்ளையடித்திருந்தார்கள். சேவியர்ராஜ் ட்ரோன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றார். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் இறந்தவர்களுக்காக நட்டுவைத்த மூன்று பலகைக் கற்களும் மேலே கிடந்த மூடுகல்லும் வெயிலில் கண்ணைக் கூசவைத்தன.

"நாந்தானுங்க அடிச்சேன்," என்றாள் சௌந்திரம். அந்த மேய்ச்சல் காட்டில் ஆடுகளோடு தனியாக இருப்பவள், அறுபதைத் தாண்டியவள். "போட்டோ புடிக்க வாராங்கன்னு சொன்னாங்க. பொண்ணு பாக்க வாரப்ப ஊட்டை அழுக்கா வெச்சிருப்பமா? நேத்துப் பூராவும் இதே வேலைதான்."

பரமத்தி வேலூர் சாலையிலிருந்து விலகி இருந்த அந்தக் காட்டைக் கோழிப்பண்ணைக்கு விற்றாகிவிட்டது. மதியம் இரண்டு மணிக்குக் கல்லைப் பெயர்க்க ஜேசிபி வரும். அதற்குள் ட்ரோன் கல்திட்டையைச் சுற்றிப் பறந்து நூற்றைம்பது படம் எடுத்துவிட்டால், கணினி அவற்றை ஒன்றோடொன்று பொருத்தி முப்பரிமாண உருவமாக்கும். கல் போனாலும் அதன் வடிவமும் அளவும் மிஞ்சும். ஆனால் பொருத்துவதற்கு வெடிப்பு, பாசி, கறை என்று ஏதாவது அடையாளம் வேண்டும். வெறும் வெள்ளையில் கணினி எதைத் தேடும்? உருவத்தில் கல் இருக்கவேண்டிய இடத்தில் ஓட்டைதான் விழும்.

வேலை கொடுத்த தொல்லியல் ஆய்வாளர் தனப்பிரியாவைப் போனில் அழைத்தார்.

"தேய்ச்சுக் கழுவிடாதீங்க சார், கல்லோட மேல்தோலும் வந்துடும். ஒரு நாள் தள்ளி வைங்கன்னு பண்ணைக்காரங்ககிட்ட கெஞ்சிப் பாத்துட்டேன். முடியாதுன்னுட்டாங்க."

சௌந்திரம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏனுங்க, தப்புப் பண்ணிப்போட்டனா?"

"வெள்ளையா இருந்தா மெஷினுக்குக் கண்ணு தெரியாதுக்கா."

"அப்ப அது என்ற மாமியாளாட்டத்தான். நாம என்ன செஞ்சாலும் அவளுக்கும் கண்ணு தெரியாது."

சேவியர்ராஜ் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சத்தம் அவருக்கே புதிதாக இருந்தது. மனைவி அக்சிலியா இறந்த இரண்டு வருடத்தில், சேலத்து வீட்டில் அவர் பேசியதெல்லாம் பால்காரரிடமும் போனிடமும்தான். முன்பு கல்யாணப் படம் எடுத்தவர். சிரியுங்கள் என்று யாரிடமும் சொல்ல முடியாமல் போனபிறகுதான் இந்த வேலைக்கு வந்தார்.

சௌந்திரமும் சிரித்தபடி கல்லில் கையை ஊன்றினாள். எடுத்தபோது வெள்ளையில் ஐந்து விரலும் செம்மண்ணாகப் பதிந்திருந்தன.

"ஐயோ, அழுக்காக்கிட்டேனே!"

"துடைக்காதீங்க!" என்று கத்தினார் அவர். "இன்னொருக்கா வைங்க. எல்லா இடத்துலயும் வைங்க!"

சட்டியில் செம்மண்ணைக் குழைத்து இருவரும் அப்பினார்கள். அவள் கோலப்புள்ளிபோல் வரிசை கட்டினாள். "அப்படி வேண்டாம்க்கா, ஒண்ணு மாதிரி ஒண்ணு இருந்தா மெஷின் கொழம்பிடும்," என்றார். "இதுக்கு இத்தனை வக்கணையா?" என்று கேட்டுவிட்டுக் கண்டபடி பூசினாள். மண் காய்ந்ததும் ட்ரோன் எழுந்தது. அது போன பக்கமெல்லாம் அவளும் அண்ணாந்து பார்த்தபடியே சுற்றிச் சுற்றி நடந்தாள்.

வேப்பமர நிழலில் மடிக்கணினியைத் திறந்தபோது மணி ஒன்றேகால். கல்திட்டை ஓட்டையில்லாமல் எழுந்து வந்தது. விரலால் திருப்பினால் திரும்பியது. சேவியர்ராஜ் மூச்சு விட்டார்.

சௌந்திரம் குனிந்து தேடினாள். "நான் எங்கீங்க?"

"நடந்துட்டே இருந்தீங்களேக்கா. அசையறது எதையும் இது சேத்துக்காது."

"கல்லுதான் நிக்குமா?"

"ஆமா."

"முப்பது வருசமா இதுகூடத்தான் கெடக்கறேன்," என்றவள் போய்க் கல்லில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். "மறுக்கா எடுங்க சாமி."

வேலை முடிந்திருந்தது; ஆனாலும் அவர் கடைசி பேட்டரியை மாட்டினார். ட்ரோன் அவளைச் சுற்றத் தொடங்கியது. ஓர் ஆடு வந்து முந்தானையை இழுத்தது, அவள் திரும்பவில்லை. நெற்றி வேர்வை கண்ணில் இறங்கியது. இமைத்தாளே தவிர, கையைத் தூக்கவில்லை.

ட்ரோன் இறங்கி விசிறிகள் நின்றன. சாலைப் பக்கம் ஜேசிபி சத்தம் கேட்டது. "போதும்க்கா" என்று சொல்ல வாயெடுத்தவர், சொல்லாமல் நின்றார். அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.