வில்ஃப் ஸ்டாதரின் ஈரச் சட்டை

சுவரேறிக் குதித்தேன். முழங்கால் சிராய்த்தது; பார்க்க நேரமில்லை. வில்ஃப் வீட்டுப் பின்புறத் துணிக்கொடியில் ஆடிக்கொண்டிருந்த வெள்ளைச் சட்டையை வெடுக்கென்று உருவி, கோட்டுக்குள் திணித்தேன்.

"நார்மன்! அங்க என்னடா பண்றே?"

பக்கத்து வீட்டு டோரிஸின் தலை சுவருக்கு மேலே முளைத்திருந்தது.

"ஒண்ணுமில்லக்கா."

"அந்த ஒண்ணுமில்லாததுல இருந்து தண்ணி சொட்டுது பாரு!"

ஹல் துறைமுகத்தில், எங்கள் ஹெஸில் ரோடு பக்கம், புருஷன் கப்பலேறும் நாளில் எந்தப் பெண்ணும் துணி துவைக்க மாட்டாள். துவைத்தால் கடல் அவனை அலசிக்கொண்டு போய்விடும். வில்ஃப் ஸ்டாதர் மீன்பிடிக் கப்பலிலிருந்து குத்துச்சண்டை மேடைக்கு வந்தவன். அதனால் அவன் சண்டை போடும் நாளிலும் தெருவே சோப்பைத் தொடாது. அன்றைக்கு பிரிட்டிஷ் மிடில்வெயிட் பட்டத்துக்கான சண்டை.

"ஐவிதான்," என்று டோரிஸ் கத்தினாள். "ஹாரி கிளம்பின அன்னைக்குத் துவைச்சா. கப்பலோட போனவன் வரவே இல்ல. இப்ப கொழுந்தனையும் முழுங்கப் பாக்குறா!"

ஹாரி, வில்ஃபின் அண்ணன்; ஐவியின் புருஷன். அவன் போனதிலிருந்து ஐவி எதிரே வந்தால் பெண்கள் மறுபக்க நடைபாதைக்கு மாறிவிடுவார்கள். சத்தம் கேட்டு அவள் அடுப்படி வாசலுக்கு வந்தாள். முழங்கை வரை காய்ந்த ரொட்டி மாவு.

"நான் துவைக்கல."

"பின்ன, பூனை துவைச்சுதா? கேட்டுக்கோ. வில்ஃப் தோத்தான்னா, நீ இந்தத் தெருவுல இருக்கக் கூடாது!"

டோரிஸ் வெறும் வாய்ப்பேச்சுக்காரி இல்லை. அவள் சொன்னால் தெருவே கதவடைக்கும். ஐவி உள்ளே போனாள்.

அன்று மாலை நகர மண்டபத்தில் மூச்சு விட இடமில்லை. வில்ஃபின் மூலையில் வாளி பிடிப்பது என் வேலை. எதிராளி லிவர்பூல்காரன் கோஸ்டெல்லோ. ஒன்பதாவது சுற்றில் அவன் விட்ட குத்தில் வில்ஃபின் இடது புருவம் பிளந்தது. துண்டெல்லாம் ரத்தத்தில் ஊறிவிட்டது. வேறு வழியில்லாமல் கோட்டுக்குள்ளிருந்த ஈரச் சட்டையை இழுத்து அவன் புருவத்தில் அழுத்தினேன்.

வில்ஃப் ஒற்றைக் கண்ணால் அதைப் பார்த்தான்.

"இதை யாருடா எடுக்கச் சொன்னது?"

"உன்னைக் காப்பாத்தத்தான்டா! டோரிஸ் பாத்துட்டா. நீ தோத்தா ஐவியைத் தெருவை விட்டே துரத்திருவாளாம்."

வீங்கிய உதட்டோடு சிரித்தான். "அப்ப தோக்க முடியாதே."

மணி அடித்தது. எழுந்து போனவன் பின்வாங்கவே இல்லை. பதிமூன்றாவது சுற்றில் விலாவுக்குக் கீழே இடது கையால் ஒரே குத்து. கோஸ்டெல்லோ மண்டியிட்டான். நடுவர் பத்து எண்ணி முடிப்பதற்குள் மண்டபம் எங்கள் தலைமேல் இடிந்து விழும்போல அதிர்ந்தது.

அதன்பின் வந்த சவால்காரர்களையும் வில்ஃப் அடித்துத் திருப்பி அனுப்பினான். பட்டத்துக்கான இடுப்புப் பட்டை நிரந்தரமாக அவனுக்கே சொந்தமானது. எங்கள் சாலையில் மீனைப் புகைபோட்டுப் பதப்படுத்திய பழைய கூடத்தைப் பயிற்சிக்கூடம் ஆக்கினான். இன்றும் அங்கிருந்து பிள்ளைகள், பெண்பிள்ளைகள் உட்பட, மேடையேறுகிறார்கள். அவர்கள் சண்டைக்குப் போகும் நாளில் எங்கள் தெருவில் வீடு தவறாமல் துணி காயும். சட்டை, படுக்கை விரிப்பு, உள்பாவாடை எல்லாம் காற்றில் படபடக்கும். டோரிஸ் இருந்தவரை முதல் துணி அவளுடையதுதான். வெளியூர்க்காரர்கள் என்ன விசேஷம் என்று கேட்டால் எங்களுக்கு நெஞ்சு நிமிரும்.

எல்லாம் அந்தப் பட்டச் சண்டை முடிந்து வில்ஃபைத் தோளில் தூக்கிவந்தபோது தொடங்கியது. டோரிஸ் வழிமறித்தாள்.

"ஜெயிச்சுட்டே ராசா. ஆனா உன் அண்ணி பண்ணினது..."

வில்ஃப் இறங்கினான். ரத்தம் தோய்ந்த சட்டையை என்னிடமிருந்து வாங்கினான். வாசலில் ஒதுங்கி நின்ற ஐவியின் பக்கத்தில் போய் நின்று, தெருவே பார்க்க அதை உயர்த்திப் பிடித்தான்.

"இதைத் துவைச்சது நான்தான் டோரிஸக்கா. நான் ஜெயிச்ச ஒவ்வொரு சண்டையன்னைக்கும் துவைச்சேன். இத்தனை நாளும் அடுப்படிக்குள்ள காயப்போட்டேன். இன்னைக்குத்தான் நீங்க எல்லாரும் பாக்கணும்னு வெளிய போட்டேன்."