சுவரைப் பிடிக்க ஓர் ஆள்

வந்ததும் வராததுமாக மார்லிஸ் கேரவனை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "என்னடி வெர்னா, வண்டி முழுகாம இருக்கா?" என்று கேட்டாள்.

வெர்னாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கார் பின்னால் மாட்டி இழுத்துப்போகும் சின்னக் கேரவன் அது. அறுபது வருஷத்துப் பழசு. இரண்டு பக்கச் சுவர்களும் வெளியே பிதுங்கியிருந்தன. கூரை நடுவில் தொய்ந்து கிடந்தது. மரச்சட்டங்களை உளுத்துப்போகச் செய்தது மழைத்தண்ணீர்தான். ஆனால் இந்தக் கோலத்துக்கு மழையைக் குற்றம் சொல்ல முடியாது. இதைச் செய்தது வெர்னா.

இந்த மாதிரி வண்டிகளைப் பிரித்துச் சரிசெய்கிற எவருக்கும் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. உள்ளே இருக்கும் அலமாரியும் கட்டிலும் தடுப்புப் பலகையும்தான் சுவரை நிறுத்தி வைத்திருக்கின்றன. உளுத்த ஒன்றைக் கழற்றினால், அந்த இடத்தில் புதியதைப் பொருத்திவிட்டுத்தான் அடுத்ததில் கை வைக்க வேண்டும். கோடை முழுவதும் வெர்னா அப்படித்தான் பொறுமையாகச் செய்துகொண்டிருந்தாள். போன வாரம் சர்ச் விருந்தில் மார்லிஸுக்குப் பக்கத்து நாற்காலியில், அவளோடு புதிதாகப் பழகத் தொடங்கியிருந்த டுவேன் உட்கார்ந்திருந்தார். தன் தட்டிலிருந்த, நடுவில் பழக்கூழ் வைத்துச் சுட்ட கொலாச்சி ரொட்டியைப் பிய்த்து, கேட்காமலே பாதியை அவள் தட்டில் வைத்தார். மார்லிஸும் பேச்சை நிறுத்தாமலே அதை எடுத்துத் தின்றாள். அவ்வளவுதான் நடந்தது. வீட்டுக்கு வந்த வெர்னா சர்ச்சுக்குப் போட்ட உடுப்பைக்கூட மாற்றாமல் கடப்பாரையை எடுத்தாள். அலமாரி, கட்டில், தடுப்பு என்று உள்ளே ஒரு பலகை மிச்சமில்லாமல் பெயர்த்து முற்றத்தில் எறிந்த பிறகுதான் ஓய்ந்தாள். மறுநாள் காலையில் எழுந்து பார்த்தால் வண்டி இப்படி நின்றது. கோபத்தில் செய்தாளா என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. பயந்துபோயிருந்தாள் என்பதுதான் உண்மை.

இருவரும் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர்கள். நெப்ராஸ்காவின் குளிர்காலம் ஒவ்வொன்றிலும், கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டிக்கொண்டே, வேலையை விட்டதும் வெயில் காயும் அரிசோனாவுக்குப் போய்விடுவோம் என்று பேசிக்கொண்டவர்கள். வெர்னாவின் கணவன் லெனார்ட் செத்துப்போய்விட்டான். மார்லிஸ் புருஷனை எப்போதோ தலைமுழுகிவிட்டாள். ஆளுக்குப் பாதி போட்டு இந்த வண்டியை வாங்கினார்கள். எதிரெதிரே இரண்டு கட்டில், நடுவில் மடக்கு மேசை, முதல் பனி விழுவதற்குள் கிளம்ப வேண்டும் என்பது ஏற்பாடு. அதற்குள் டுவேன் வந்து சேர்ந்தார், குளியலறை வைத்த பெரிய மோட்டார் வண்டியோடு.

கூரையை நடுவில் ஜாக்கி கொடுத்துத் தூக்கிவிட்டு, பக்கச் சுவர்களின் முன்பாதியில் தொடங்கினார்கள். வெளியே நின்று மார்லிஸ் சுவரைத் தள்ள வேண்டும்; உள்ளே வெர்னா புது அலமாரியைச் சட்டத்தோடு சேர்த்து ஸ்க்ரூ முடுக்க வேண்டும்.

"தள்ளு. இன்னும் தள்ளு. போதும், அப்படியே நில்லு."

"என் முழங்கால் கழண்டுரும் போலருக்குடி. இந்த வண்டிய விட்டுட்டு நம்ம ரெண்டு பேரையும் பிரிச்சு மாட்டியிருக்கலாம்."

"உனக்கெல்லாம் பார்ட்ஸ் கிடைக்காது. பேசாம தள்ளு."

வெர்னா இந்த வாரம் முழுக்க இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. நடுவில் ஒரு அலுமினியத் தகடுதான். மார்லிஸின் மூச்சுகூடக் கேட்டது. பஸ் ஓட்டிய காலத்தில் வயர்லெஸ்ஸிலும் இப்படி முகம் பார்க்காமல்தான் பேசிக்கொள்வார்கள். முக்கியமான எதையாவது சொல்வதற்கு முன்னால் மார்லிஸ் தொண்டையைக் கனைப்பாள். இப்போதும் கனைத்தாள். 

"வெர்னா, நான் அரிசோனாவுக்கு வரலடி. டுவேனோட டெக்சஸ் போறேன். அவரு அக்கா அங்க இருக்கா. உன் மூஞ்சியப் பாத்துச் சொல்ல தைரியம் வரல." கொஞ்ச நேரம் கழித்து, "கேட்டுச்சா?"

வெர்னாவின் உதடுகளுக்கு நடுவே இரண்டு ஸ்க்ரூ இருந்தது. ஏற்கெனவே இறுகியிருந்த ஸ்க்ரூவின் தலையில் முடுக்கும் மெஷினை வைத்து அழுத்தினாள். அது கிறீச்சிட்டுச் சுற்றித் தலையையே மழுங்கடித்தது. அப்புறமும் விடாமல் அழுத்திக்கொண்டிருந்தாள். பிறகு வாயிலிருந்ததைக் கையில் எடுத்துக்கொண்டு, "என்ன சொன்ன? மெஷின் சத்தத்துல ஒண்ணும் விளங்கல. மேல கொஞ்சம் தள்ளு," என்றாள்.

 சுவர் ஓர் அங்குலம் உள்ளே வந்தது.

"கால் வலிக்குதுன்னு சொன்னேன்," என்றாள் மார்லிஸ்.

முன்பாதி முடிவதற்கே பொழுது சாய்ந்துவிட்டது. மார்லிஸைக் கூட்டிப்போக வந்த டுவேன் வண்டியைச் சுற்றி வந்து, இன்னும் பிதுங்கி நின்ற பின்பாதியைத் தட்டிப் பார்த்தார். நல்ல மனுஷர், உதவ வேண்டும் என்றுதான் சொன்னார். "இதுக்கு ஆளே தேவையில்லீங்களே. லாரில சரக்கு கட்டுற பெல்ட் ரெண்டு இருந்தா, உள்ள இந்தச் சட்டத்துக்கும் அந்தச் சட்டத்துக்கும் மாட்டிப் பிடிய ஆட்டுங்க. தானா நெருங்கிரும்."

"பெல்ட்டுக்கு நான் எங்க போறது?" என்றாள் வெர்னா.

லெனார்ட் லாரி ஓட்டியவன் என்பதும், அவன் பெல்ட்டுகள் இன்னும் காரேஜ் சுவரில் தொங்குகின்றன என்பதும் மார்லிஸுக்குத் தெரியும். அவள் கைப்பைக்குள் எதையோ தேடத் தொடங்கினாள். கார் திரும்பிப் போகும்வரை தேடிக்கொண்டே இருந்தாள்.

அடுத்த மூன்று நாள் வெர்னா வண்டிப் பக்கமே போகவில்லை. சூப்பைச் சூடாக்கிக் குடித்தாள். டிவியைச் சத்தமாக வைத்துவிட்டு வேறு அறையில் உட்கார்ந்தாள். வீட்டில் பேச்சுக்குரல் கேட்டால் போதும் என்றிருந்தது. நாலாம் நாள் மத்தியானம் காரேஜுக்குப் போய் இரண்டு பெல்ட்டை எடுத்துவந்தாள். ஒன்றும் பிரமாதமில்லை. கொக்கியை மாட்டிப் பிடியை ஆட்ட ஆட்ட, இரண்டு பக்கச் சுவரும் சொன்ன பேச்சுக் கேட்கும் பிள்ளைகளைப் போல உள்ளே வந்தன. ரசமட்டத்தை வைத்துப் பார்த்தாள். குமிழி நட்ட நடுவில் நின்றது. தடுப்புப் பலகையை நிறுத்தி ஸ்க்ரூ முடுக்கினால் பத்து நிமிஷத்தில் வேலை முடியும். அந்தத் தடுப்பை ஒட்டித்தான் எதிரெதிரே இரண்டு கட்டில்களும் வர வேண்டும்.

பலகையைத் தூக்கும்போது போன் அடித்தது.

"வெர்னா, ஞாயித்துக்கெழமை வரட்டுமாடி?" மார்லிஸ்தான். "இல்ல, அந்தப் பின்னாடிச் சுவரு முடிஞ்சிருச்சா?"

வெர்னா நேராக நின்ற சுவரைப் பார்த்தாள்.

"எங்க முடியுது? ஒத்த ஆளா என்னத்தச் செய்ய?"

 மார்லிஸ் தொண்டையைக் கனைத்துவிடுவாளோ என்று வெர்னா மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"சரி, வரேன். காபி போட்டு வை."

போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, பலகையை மறுபடி வெளியே கொண்டுபோய்ச் சாய்த்து வைத்தாள். உள்ளே வந்து பெல்ட்டின் பிடியை விடுவித்தாள். சுவர் முனகிக்கொண்டே மெல்ல மெல்ல வெளியே போய், பழையபடி பிதுங்கி நின்றது. கூரைக்கும் சட்டத்துக்கும் நடுவே விரிந்த இடுக்கு வழியாக, சோளக்காட்டில் அறுவடை மெஷின் கிளப்பிய தூசு உள்ளே வந்து வெறும் தரையில் படிந்தது.