மழைக்குப் பயந்த தவளைகள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை திருட்டு. அக்கா போனில் புலம்பியதை அப்படியே காகிதத்தில் இறக்கிக்கொண்டிருக்கிறேன். அது அவளுக்கும் தெரியும். தெரிந்ததுதான் தொல்லை, எழுத எழுதத் திருத்தம் வருகிறது.

முதல் வரி இப்படி இருந்தது: "குளக்கரையில் அந்தி மயங்கியபோது, தவளைகளின் சங்கீதம்..."

(அக்கா: "சங்கீதமா? நேரா விஷயத்துக்கு வாடா.")

வந்துவிட்டேன்.

2

அக்கா கணினியில் தவளை வளர்ப்பவள். குளத்தின் வெப்பம், மழை, தவளை எண்ணிக்கை எல்லாவற்றையும் ஊட்டினால், அடுத்த வருஷம் எத்தனை தவளை இருக்கும் என்று சொல்லும் ஒரு மாடல் செய்திருக்கிறாள். எண்கள் வருவது, இருபது ஆய்வகங்கள் சேர்ந்து நடத்தும் ஒரு பொதுப் பதிவேட்டிலிருந்து. யார் எதை அளந்தாலும் ஒரே மாதிரிக் கட்டங்களில் நிரப்ப வேண்டும். யாருடையதை யாரும் எடுத்துக்கொள்ளலாம். பழைய எண்ணைத் திருத்துபவர் காரணம் எழுத வேண்டும், இன்னொருவர் 'சம்மதம்' அழுத்த வேண்டும்.

அந்த மாடல் ஒரு கண்டுபிடிப்பைத் துப்பியது: மழை பெய்தால் தவளைகள் மாயமாகின்றன. ஒன்றுகூட மிஞ்சுவதில்லை.

தவளை! மழைக்கு! [இங்கே ஒரு பக்கம் சிரித்து வைத்திருந்தேன். அக்கா அடித்துவிட்டாள்.]

"ஆறு வருஷத்துல ஒரு மழை நாள்கூடத் தப்பலைடா. அவ்ளோ சுத்தமா இருந்துச்சு, நம்பிட்டேன்" என்றாள். நம்பி, கட்டுரையும் போட்டுவிட்டாள். அதை நம்பி நான்கு ஆய்வகங்கள் கிளம்பிவிட்டன. அதில் ஒன்று, பயத்துக்குக் காரணமான சுரப்பியைத் தேடிக்கொண்டிருக்கிறது.

3

இப்போது தவளைக்காரர் வருகிறார். தினமும் சாயங்காலம் குளத்துக்குப் போய் எண்ணுபவர். பதிவேட்டில் தவளைக் கணக்கு மட்டும் முழுக்க இவர் ஒருவருடையது. ஒப்பந்த வேலை, வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். முதல் வரைவில் இவரைக் குடிகாரராக்கியிருந்தேன்.

(அக்கா: "பாவம்டா, டீயே சர்க்கரை இல்லாம குடிக்கிறவர்.")

சரி, குடி வேண்டாம். அக்கா சந்தேகம் வந்து அவர் அறைக்குப் போனபோது, மேஜைக்கு அடியில் ரப்பர் பூட்ஸ் ஆறு வருஷமாகப் புத்தம் புதிதாக இருந்தது.

"மழை நாள்ல எல்லாம் ஏன் பூஜ்யம்?"

"போகலை மேடம்."

"போகலைன்னா காலியா விட வேண்டியதுதானே?"

"விட்டா 'கட்டத்தை நிரப்பவும்'னு திட்டி மெயில் வருது மேடம். போகலை, ஒண்ணையும் பார்க்கலை. அதான் ஒண்ணுமில்லைன்னு போட்டேன்."

"ஏன் போகலை?"

"நனைஞ்சா எனக்கு சைனஸ்."

"மழைக்குப் பயந்தது தவளை இல்லைடா, இவரு!" என்று அக்கா போனில் கத்தினாள். அந்தத் திட்டு மெயிலுக்கு ஏற்பாடு செய்தது யார் என்று கேட்டேன். லைனைக் கட் பண்ணிவிட்டாள்.

4

முடிவுகள்.

அ) அக்கா உண்மையைப் பதிவேட்டில் எழுதுகிறாள். அவள் கட்டுரை போகிறது, அவர் வேலையும் போகிறது.

ஆ) யாரும் வாய் திறப்பதில்லை. சுரப்பிக்காரர்கள் சாகும்வரை தேடுகிறார்கள். [எனக்குப் பிடித்தது இதுதான். அக்கா ஒரு வாரம் பேசவில்லை.]

இ) தவளைக்காரர் குடையை எடுத்துக்கொண்டு...

இதை நான் முடிப்பதற்குள் அவரே முடித்துவிட்டார். நேற்று சாயங்காலம் நல்ல மழை. இன்று காலை பதிவேட்டில் 214 தவளை. கூடவே குறிப்பு: "குடை, இரண்டு துண்டு, மாத்திரையுடன் போனேன். கத்துகிற கத்தில் காது வலிக்கிறது." அதற்குக் கீழே, பழைய பூஜ்யங்கள் அறுநூற்றுப் பதினொன்றுக்கும் திருத்தம். காரணம்: "போகவில்லை. எண்ணவில்லை. தவறு என்னுடையது."

மெயிலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

'சம்மதம்' அழுத்த வேண்டியவள் அக்கா. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் கூட்டம் அடுத்த வாரம்.

"அழுத்தினா அவர் வேலை போயிரும். அழுத்தலைன்னா மனுஷன் நனைஞ்சது வீண். மெயில் என்னோடதுன்னு நானும் எழுதணுமாடா? கதை எழுதறவன்தானே, சொல்லேன்!"

அழுகிறாள் என்று தெரிந்தது. காகிதத்தில் ஒரு கட்டம் வரைந்தேன்.

5

முடிவுக்கான கட்டம்: [                    ]

தெரிந்தால் நிரப்புங்கள். தெரியாவிட்டால் காலியாகவே விடுங்கள், நான் திட்டி மெயில் அனுப்ப மாட்டேன். பூஜ்யம் மட்டும் போட்டுவிடாதீர்கள்.