கசப்பு மூடிய நாற்றம்

மணலி புதுநகரில் மூலிகைப் பொடி செய்யும் கம்பெனி ஒன்றின் சோதனைக்கூடத்தில் ஜீனத் வேலை பார்த்தாள். நிலவேம்புப் பொடி வந்தால், அதற்குக் கசப்பைத் தரும் ஆண்ட்ரோகிராஃபோலைடு எவ்வளவு இருக்கிறது என்று மெஷினில் பார்த்துச் சொல்வாள். அதற்கு முன் ஒரு சிட்டிகை நாக்கில் வைத்துப் பார்ப்பது அவள் பழக்கம். டெங்கு பரவிக்கொண்டிருந்த அந்தச் செவ்வாய்க்கிழமையும் வைத்தாள். கசப்பு காது வரை ஏறியது. மெஷினும் வேண்டிய அளவுக்கு மேலேயே காட்டியது. கையெழுத்துப் போட்டாள்.

மதியம் அடுத்த மாதிரியை எடுக்க கம்பெனியின் எர்ணாவூர் குடோனுக்குப் போனாள். ஷட்டரைத் தூக்கியதும் மூக்கைப் பொத்திக்கொண்டாள். ஆலை எண்ணெய் கலந்து வந்த மழைவெள்ளம் வடிந்து பத்து நாளாகியும் சுவரில் இடுப்பளவுக்கு எண்ணெய்க் கறை. அடியிலிருந்த நிலவேம்பு மூட்டைகள் கறுத்துப் பிசுபிசுத்தன. ஒன்றைப் பிரித்தாள். பச்சைப் பூஞ்சைக்கு நடுவே, இலைகளோடு ஒட்டி நசுங்கிய எலி. வயிற்றில் புழு நெளிந்தது.

"இன்னா தங்கப்பாண்டி இது?"

மூட்டை தூக்கும் தங்கப்பாண்டி தலையைச் சொறிந்தான். "மொட்ட மாடில காய வெச்சு அரைச்சுகினு கீறோம்க்கா. காலைல நீ பாத்தியே, அதுவும் இதான். போன வாரமே நாலு மூட்ட கடைங்களுக்குப் போச்சு."

ஜீனத் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். எடுத்து முடித்தும் நாக்கைப் புடவைத் தலைப்பால் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

போன் செய்ததும் முதலாளி ரகுபதி வந்தார். எலியை எட்டிப் பார்த்தார், முகம் மாறவில்லை.

"கசப்பு கீதுல்ல? மெஷின் சரின்னுச்சுல்ல? அப்புறம் இன்னாம்மா பேஜாரு? இந்தக் கசப்புல எந்த நாத்தமும் தெரியாது."

"அப்ப ஒரு டம்ளர் நீங்க குடிங்க சார்."

"எனக்கின்னா ஜொரமா?" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பு எலியைவிட அருவருப்பாக இருந்தது. மூலையில் இருந்த பினாயில் கேனை எடுத்தாள். அரைத்து வைத்த பொடி டிரம்மில் பாதியைக் கொட்டினாள், மூட்டைகள் மேல் மீதியை. ரகுபதி கத்தினார், போலீஸைக் கூப்பிடுவதாக மிரட்டினார்.

"கூப்புடுங்க. எலியக் காட்டுறேன்."

அவர் கூப்பிடவில்லை. அவள் வேலைதான் போனது.

மறுநாள் காலை மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் புகாரோடு, போன வாரம் முதல் தான் கையெழுத்திட்ட சோதனைத் தாள்களின் நகல்களையும் மேசையில் வைத்தாள். அதிகாரி ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"இதையெல்லாம் சரின்னு சொன்னது யாரு?"

"நான்தான் சார்," என்றாள் ஜீனத். "என் பேரையும் எழுதிக்குங்க. மொதல்ல அந்த நாலு மூட்டையத் தேடுங்க."

அவர் போனை எடுத்தார்.