பாரிஸ்காரர் எப்படி?

வேரோனிக்கா பாரிசுக்குப் போய் வந்ததும், கனடாவில், பிக்கரிங்கில் அவள் வேலை செய்யும் பல் கிளினிக்கில் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். பாரிஸ்காரர் வெளியாட்களுக்கு முகம் கொடுத்துக் கதைக்கமாட்டார்களாமே, உண்மையா? வேரோனிக்காவுக்குத் தெரியாது. போகுமுன் அவளுக்கும் அதை அறிகிற ஆவல்தான் பெரிதாக இருந்தது. ஆனால் அங்கே அவள் ஒரு பாரிஸ்காரரோடும் கதைக்கவில்லை.

கதைக்க விட்டால்தானே. புருசனின் தங்கை றெஜினா வீட்டில் போய் இறங்கியதிலிருந்து ஒரே விருந்து. காலையில் ஒரு வீட்டில் புட்டு, மத்தியானம் இன்னொரு வீட்டில் நண்டுக்கறி, பின்னேரம் வேறொரு வீட்டில் றோல்ஸ். ஒரு சொந்தக்காரர் வீட்டில் சாப்பிட்டு மற்றவர் வீட்டுக்குப் போகாவிட்டால், அடுத்த கலியாணத்தில் ஒருவரும் முகம் பார்க்கமாட்டார்கள். ஈபிள் கோபுரத்தை அவள் பார்த்தது காருக்குள் இருந்து, மழைக்குள், சிவப்பு விளக்கு எரிந்த அந்தக் கொஞ்ச நேரம் மட்டும்தான். வெளியில் சொல்லவில்லையே தவிர, அவளுக்கு அது பெரிய மனத்தாங்கல்.

இந்தக் கோடையில் றெஜினா ரொறொன்ரோ வந்தாள். வேரோனிக்கா ஒரு குறையும் வைக்காமல் கவனித்தாள். ஞாயிறு பூசை முடிந்து, சொந்தக்காரரான சீமோன் அண்ணை வீட்டுச் சாப்பாட்டுக்கு, வடக்கே றிச்மண்ட் ஹில்லுக்குக் காரில் போகிற வழியில் றெஜினா மெல்லக் கேட்டாள்.

"மச்சாள், கனடாக்காரர் நல்ல ஆக்களெண்டு என்ர வேலையில எல்லாரும் சொல்லுகினம். உண்மையோ? நான் இன்னும் ஒருத்தரோடயும் கதைக்கேல்லை."

வேரோனிக்காவுக்குச் சுருக்கென்றது. தான் பட்டதை அச்சொட்டாக மச்சாளுக்கும் செய்துகொண்டிருக்கிறாள். வெட்கமாகப் போய்விட்டது. உடனே சீமோனுக்குப் போன் எடுத்தாள்.

"அண்ணை, குறை நினைக்காதேங்கோ. நாங்கள் பின்னேரம் வாறம்."

"இறால் பொரிச்சு வைச்சிருக்கு," என்றார் சீமோன். போனை வைத்துவிட்டார். இனி நத்தார் பண்டிகை வரைக்கும் இந்தக் கதை ஓடும். ஓடட்டும் என்று வேரோனிக்கா நெடுஞ்சாலையில் வடக்கே போகாமல் காரைத் தெற்கே திருப்பினாள்.

நகர நடுவே, டவுன்ரவுனில் காரை விட்டு இறங்கினால் சி.என். டவர் கோபுரத்தைக் காணவில்லை. தூரத்தில் நெடுக நெட்டையாகத் தெரிந்தது, கிட்ட வந்ததும் கட்டடங்களுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டது. வேரோனிக்கா இந்தப் பக்கம் வந்து பல வருசம். திருதிருவென்று முழித்துக்கொண்டு நின்றாள். றெஜினாதான் தயங்காமல் போய், நாயோடு வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்ணிடம் பிரெஞ்சு கலந்த ஆங்கிலத்தில் வழி கேட்டாள்.

அந்தப் பெண் வழி சொன்னதோடு விடவில்லை, கூடவே நடந்தாள். எங்கிருந்து வருகிறீர்கள் என்று விசாரித்தாள்.

"பாரிஸ்," என்றாள் றெஜினா, கொஞ்சமும் யோசிக்காமல்.

அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. பாரிஸ்காரர் வெளியாட்களை மதிக்கமாட்டார்களாமே, உண்மையா என்று கேட்டாள். றெஜினா சிரித்துவிட்டு வேரோனிக்காவைக் காட்டினாள். இவதான் எங்களிடம் வந்து நின்றவ, இவவைக் கேளுங்கள் என்றாள்.

வேரோனிக்கா மச்சாளைத் திரும்பிப் பார்த்தாள். பாரிசுக்குப் போன நாள் தொடக்கம் மெற்றோ ரயில் ஏறி வேலைக்குப் போகிறவள், பிள்ளைகளை அங்கேயே பெற்று வளர்த்தவள். தான் போனபோது தனக்காக ஒரு கிழமை லீவு போட்டு நின்றவள். இவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டா வேறு பாரிஸ்காரரைத் தேடினேன் என்று நினைத்தபடி மச்சாளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அருமையான மனிதர்கள்," என்றாள் ஆங்கிலத்தில். "சாப்பிடாமல் மட்டும் வெளியே விடமாட்டார்கள்."