பொறுத்திரு என்றார்கள்

கோழிகள் தலைகீழாகத்தான் வரும். கால்கள் இரண்டும் கொளுக்கியில் மாட்டியிருக்க, செட்டை அடித்தபடி, ஒன்றன்பின் ஒன்றாக வரும். செயின்ட்-மிஷேலில் நான் வேலை செய்த அந்தத் தொழிற்சாலையில், அறுக்கிற இடத்துக்கும் நாங்கள் குடல் எடுக்கிற இடத்துக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் திரைதான் இருந்தது. யூனூசும் அர்ஷத்தும் அறுப்பார்கள். இரண்டு பேரும் பாகிஸ்தான் பஞ்சாப்காரர். ஒவ்வொரு கோழிக்கும் அல்லாவின் பெயரைச் சொல்லித்தான் கழுத்தில் கத்தி வைக்க வேண்டும், சொல்லாமல் அறுத்தால் ஹலால் இல்லை. கேட்டுக் கேட்டு, மன்னார்க் கத்தோலிக்கச்சியான எனக்கே அது மனப்பாடமாகிவிட்டது.

2006 மார்ச்சில் ஒரு காலை, அர்ஷத்தின் குரல் நின்றுபோனது. திரையை விலக்கிப் பார்த்தேன். அவன் கத்தியை மேசையில் வைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டிருந்தான். கோழிகள் உயிரோடு அவனைக் கடந்து கொதிதண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய்க்கொண்டிருந்தன. யூனூஸ் பாய்ந்து போய்ச் சிவப்புப் பொத்தானை அமத்தினான். மெஷின் நின்றது, கோழிகளின் கத்தல் மட்டும் நிற்கவில்லை.

ஃபோர்மன் ஓடி வந்தான். அவனிடம் அர்ஷத் இங்கிலீஷில் சொன்னான். அவனுடைய இங்கிலீஷும் என்னுடைய இங்கிலீஷும் ஒரே தரம்தான், அதனால் எல்லாருடைய கதையும் இங்கே என் தமிழில்தான் வரும்.

"நான் இனி அறுக்கக் கூடாது. நான் முஸ்லிம் இல்லை. நான் அறுத்தால் அது ஹலால் இல்லை. சாப்பிடுற சனத்தை நான் ஏமாத்த மாட்டன்."

சொல்லி முடிக்கவில்லை. கத்தி தீட்டுகிற இரும்புக் கம்பியால் யூனூஸ் அவன் முகத்தில் ஓங்கி அடித்தான். கன்னம் பிளந்தது. இரண்டாவது அடி காதில் விழுந்தது. கத்தி அர்ஷத்தின் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் கிடந்தது. அந்த விசரன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்! நான் குடலும் கையுமாக ஓடிப்போய் நடுவில் விழுந்து, "மாதாவே, விடடா!" என்று தமிழிலேயே கத்தினேன். அவனுடைய வெள்ளை ரப்பர்ச் சப்பாத்தில் அவனுடைய இரத்தமும் கோழி இரத்தமும் கலந்து ஓடின. இரண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். அர்ஷத்தைத் திரும்பக் கூப்பிடவில்லை.

விஷயம் எனக்குப் புதிதல்ல. பார்க் எக்ஸ்டென்ஷனில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தின் நிலவறை வீட்டில்தான் அவனும் அவன் அண்ணன் தன்வீரும் இருந்தார்கள். தன்வீர் டாக்ஸி ஓட்டினான். போன வருடம் பனிக்காலத்தில் வேலையில்லாமல் இருந்தபோது அர்ஷத் பக்கத்துச் சீக்கியக் குருத்துவாராவுக்குச் சாப்பிடப் போனான். அங்கே யார் போனாலும் நிலத்தில் வரிசையாக இருத்திச் சாப்பாடு போடுவார்கள். சாப்பிடப் போனவன் பாட்டுக் கேட்க இருந்தான். பிறகு பாத்திரம் கழுவினான். பிறகு தலைமயிர் வெட்டுவதை விட்டான். இப்போது அமிர்தம் வேண்டுமாம். இரும்புக் கிண்ணத்தில் சீனித்தண்ணீரைக் குறுவாளால் கலக்கி ஐந்து பேர் கொடுப்பார்களாம், வரிசையில் இருக்கிற எல்லாரும் ஒரே கிண்ணத்தில் வாய் வைத்துக் குடிப்பார்களாம். அதைக் குடித்தால்தான் முழுச் சீக்கியனாம்.

"குடிச்சுப்போட்டு வேலையை விட்டிருக்கலாமே, பேயா?" என்று கன்னத்தில் பஞ்சை வைத்து அமத்திக்கொண்டு கேட்டேன்.

"மனசு போன பிறகு வாயால மட்டும் எப்பிடிச் சொல்லுறது, அக்கா?" என்றான். தமிழ்ப் பெண்களோடு வேலை செய்து அக்கா என்ற சொல்லை மட்டும் பழகியிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடித்துவிட்டு நானே அவனைக் கூட்டிக்கொண்டு அமிர்தம் கேட்கக் குருத்துவாராவுக்குப் போனேன். வலன்ரைன், என் மனுசன், வாசலில் நின்று புறுபுறுத்தார். "உனக்கேனப்பா ஊர்ச் சோலி?" எனக்கு ஊர்ச் சோலிதான் சோலி, தெரிந்துதானே கட்டினார்.

தலைவர் பல்பீர் சிங்குக்கு நல்ல உயரம், நல்ல மரியாதை. எனக்குத் தேநீர் தந்தார். அர்ஷத்தின் தையல் போட்ட கன்னத்தைப் பார்த்தார்.

"மாறுறது பொம்பிளைப் பிள்ளை ஆரும் விஷயமோ?"

"இல்லை."

"அகதி வழக்குக்கோ? மதம் மாறினால் திருப்பி அனுப்ப மாட்டினம் எண்டு ஆரும் சொன்னவையோ?"

"எனக்கு நிரந்தர வதிவிடக் காட் இருக்கு."

"பேந்தென்ன அவசரம்? சாப்பிடு, பாத்திரம் கழுவு, ஆரும் உன்னை மறிக்கேல்லை. அமிர்தத்துக்குப் பொறுத்திரு. வெளியில சொல்லாதை. எங்கடை பிள்ளையள் பள்ளிக்கூடத்துக்குக் கிர்பான், அந்தக் குறுவாள், கொண்டுபோற வழக்கு இப்பதான் முடிஞ்சது, பேப்பர்க்காரர் எங்கடை வாசலிலதான் நிக்கினம். உன்ர ஆக்கள் வந்து இஞ்ச அடிபட்டால் ஆருக்குக் கெட்ட பேர்?"

"நான் எல்லாருக்கும் சொல்லிப்போட்டன்," என்றான் அர்ஷத்.

பல்பீர் சிங்குக்குப் பக்கத்தில் இருந்த ஒருவர் பஞ்சாபியில் ஏதோ சொன்னார். அர்ஷத்தின் முகம் செத்துப்போனது. என்னவென்று கேட்டேன். 'இவன் வாய் வைத்த கிண்ணத்தில் என் மகன் குடிக்க மாட்டான்' என்றாராம். எனக்கு உச்சியில் ஏறியது. சமையல்கட்டிலிருந்து சுரிந்தர் கவுர் என்ற பெண் மாவுக் கையோடு வந்து அந்த மனிதரைக் கிழி கிழி என்று கிழித்தாள். குரு சாதி கேட்டாரா, ஊர் கேட்டாரா, நீ யார் கேட்க என்று அவள் கேட்டதாக அர்ஷத் சொன்னான். கேட்டு என்ன? பொறுத்திரு என்பதுதான் தீர்ப்பு.

ஆக, இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. நடு றோட்டில் விட்டார்கள் அவனை.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். பின் ஒழுங்கையில் சத்தம் கேட்டது. பல்கனியால் எட்டிப் பார்த்தால், உருகிய பனிச் சேற்றில் அர்ஷத் கிடக்கிறான். தன்வீரும் இன்னும் இரண்டு பேரும். ஹொக்கி மட்டையால் அடித்தார்கள். முழங்கையில் விழுந்த அடியில் எலும்பு முறிந்த சத்தம் இரண்டாம் மாடிக்குக் கேட்டது. ஒருவன் சப்பாத்துக் காலால் முகத்தில் மிதித்தான். தன்வீர் மட்டையை எறிந்துவிட்டு, முழங்காலைத் தம்பியின் நெஞ்சில் ஊன்றி, கத்தரிக்கோலால் மயிரை வெட்டத் தொடங்கினான். மயிரோடு தோலும் வந்தது. "அம்மி! அம்மி!" என்று குழறினான். அடி வாங்கினவனல்ல, வெட்டினவன்தான் தாயைக் கூப்பிட்டு அழுதான்.

நான் யோசிக்கவில்லை. கொதிக்கிற கஞ்சிப் பானையோடு இரும்புப் படியில் இறங்கினேன். தன்வீரின் முதுகிலும் கழுத்திலும் அப்படியே ஊற்றினேன். அவன் போட்ட கூச்சலில் மற்ற இரண்டு பேரும் ஓடிவிட்டார்கள். வெறும் பானையால் அவன் மண்டையில் இன்னும் இரண்டு வைத்தேன். பாவமோ? போய் அந்த ஒழுங்கையில் நின்று பார்த்தவர்களைக் கேளுங்கள்!

ஆஸ்பத்திரியில் வலது கையை இரண்டு இடத்தில் பொருத்தினார்கள். இடது கண் இனிப் பார்க்காது என்றார்கள். பொலிஸ்காரி வந்து யார் அடித்தது என்று கேட்டாள். "என்ர அண்ணன்" என்று பெயரும் சொன்னான். சொல்லிவிட்டு, இருக்கிற ஒரு கண்ணால் சுவரைப் பார்த்தபடி கிடந்தான். அன்றே தன்வீரைப் பிடித்தார்கள்.

முதலில் பார்க்க வந்தவன் யூனூஸ். நான் கதவை மறித்தேன். அவன் என் காலைப் பார்த்தபடி நின்றான். உள்ளே விட்டேன். "நான் அடிச்சது பிழை. நீ சொல்லாமல் விட்டிருந்தால் நாங்கள் எல்லாரும் ஹராம் திண்டிருப்பம்," என்று சொல்லிவிட்டு, கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தான். பிறகு போய்விட்டான்.

அதற்குப் பிறகு பல்பீர் சிங் வந்தார். கூடவே மூன்று பேர், ஒருவன் கையில் வீடியோக் கமரா. அவர்கள் மரியாதைக்குப் போர்த்துகிற காவித் துணி ஒன்றை விரித்து அர்ஷத்தின் மார்பில் போர்த்தினார். கிண்ணத்தைப் பற்றிச் சொன்ன அந்த மனிதரும் கைகூப்பி நின்றார்.

"வாற ஞாயிறு அமிர்தம். நீதான் வரிசையில முதல் ஆள். மேடையில ரெண்டு வார்த்தை பேச வேணும். சீக்கியனாக வந்ததுக்கு முஸ்லிம்கள் அடிச்சுக் கண்ணைப் பறிச்சவை எண்டு சொன்னால் போதும்."

அர்ஷத் இடது கையால் துணியின் விளிம்பைத் தடவினான். இந்தத் துணிக்காகத்தானே அடி வாங்கினான். ஓம் என்று சொல்லடா தம்பி, சொல்லித் துலை என்று என் மனம் கிடந்து அடித்தது.

"அடிச்சது என்ர அண்ணன்," என்றான். "முஸ்லிம்கள் அடிக்கேல்லை."

"அதுவும் இதுவும் ஒண்டுதானே?"

"இல்லை. மூண்டு பேர் அடிச்சவை. அவ்வளவுதான் சொல்லுவன்."

பல்பீர் சிங் கமராக்காரனைப் பார்த்தார். அவன் கமராவை இறக்கினான். "அப்ப இன்னும் கொஞ்சக் காலம் பொறுத்திரு," என்று சொல்லி, போர்த்திய துணியை எடுத்து, நாலாக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். போர்த்தினதை உருவுகிறார்கள், கண்டறியாத மனிதர்கள்! லிஃப்ட் வரைக்கும் துரத்திப் போய் வாயில் வந்த தமிழ் முழுவதையும் கொட்டினேன். நர்ஸ் வந்து என்னைப் பிடித்தாள். திரும்பி வந்தபோது அவன் முகத்தைத் தலையணைக்குள் புதைத்து அழுதுகொண்டிருந்தான். நானும் அழுதேன்.

அவனை வீட்டுக்கு விட்ட பிறகு வந்த ஞாயிறு, "குருத்துவாராவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ அக்கா," என்றான்.

"உனக்கு வெக்கமில்லையோ?"

"நான் பல்பீர் சிங்கிட்டைப் போகேல்லை."

சாப்பாட்டு வரிசையில் இருந்தோம். எனக்கு இடது பக்கம் அர்ஷத், அவனுக்கு அந்தப் பக்கம் நீலத் தலைப்பாகை கட்டின ஒரு ட்ரக் ட்ரைவர். அன்று ரொட்டி பரிமாறினது பல்பீர் சிங். அங்கே ரொட்டியை இரண்டு கையையும் சேர்த்து ஏந்தித்தான் வாங்க வேண்டும், குரு தருகிற சாப்பாடு என்று கணக்கு. அர்ஷத்தின் வலது கை மாவுக்கட்டோடு கழுத்தில் தொங்கியது. இடது கையை மட்டும் நீட்டினான். பல்பீர் சிங் ரொட்டியோடு நின்றார். போடவுமில்லை, போகவுமில்லை. வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அர்ஷத் நீட்டின கையை இழுக்கவில்லை.

நான் பொறுமை கெட்டு வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் ட்ரக் ட்ரைவர் தன் கையை நீட்டி அர்ஷத்தின் கையோடு சேர்த்து வைத்தான். முறட்டுக் கை. இரண்டு கையும் ஒரு கிண்ணம் போல இருந்தன. பல்பீர் சிங் ரொட்டியைப் போட்டுவிட்டு என் பக்கம் நகர்ந்தார்.

ட்ரைவர் கையை எடுக்காமலே பஞ்சாபியில் ஏதோ கேட்டான். அர்ஷத் பதில் சொன்னான்.

"என்னடா கேட்டவன்?"

"பேர் என்ன எண்டு."

"நீ என்ன சொன்னனி?"

"அர்ஷத் மஹ்மூத் எண்டு சொன்னனான்."

குனிந்து பார்த்தேன். அந்தக் கை இன்னும் அங்கேதான் இருந்தது.